மூன்றாம் ஓலை

புதுப் போன் அறிவிக்கிற நாளில் திங்கள்நகர் போன் கடையில் வியாபாரம் பாதிதான் நடக்கும். முதலாளி ஜக்கரியா சுவரில் மாட்டிய பெரிய டிவியில் கம்பெனியின் நிகழ்ச்சியை ஓடவிட்டு, வேலைக்கு நிற்கும் எல்லாரையும் ஸ்டூல் இழுத்துப் போட்டு உட்காரச் சொல்லிவிடுவார். பார்த்ததை மறுநாள் வருகிறவர்களிடம் தடுமாறாமல் ஒப்பிக்க வேண்டும், அதற்காகத்தான் இந்த ஏற்பாடு. எங்கோ ஒரு மேடையில் கறுப்புச் சட்டைக்காரர் ஒருவர் அங்குமிங்கும் நடந்துகொண்டே, போன வருஷத்துப் போனைவிட இது மெலிசு, அந்தக் காமிராவைவிட இது கூர்மை என்று சொல்லச் சொல்லக் கூட்டம் கைதட்டியது. போன வருஷத்துப் போனை இதே மேடையில் இதே வாயால் புகழ்ந்தவரும் இவர்தான். அதையெல்லாம் யார் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள்!

அஜிதா ஞாபகம் வைத்திருந்தாள். அந்தப் புகழ்ச்சி முழுவதையும் தலைகீழ்ப் பாடமாக்கி, ஒரு வருஷமாக விற்றவள் அவள். அவளிடம் பேச்சுக் கொடுத்தவர் வெறுங்கையோடு படியிறங்கியதில்லை என்று முதலாளியே சொல்லுவார். மற்றவர்களுக்கு விற்றதோடு நில்லாமல், அதில் ஒன்றைத் தானும் வாங்கினாள். சம்பளத்தில் மாதாமாதம் பிடித்துக்கொள்ளச் சொல்லி வாங்கி, நிச்சயத்தன்று சிஜோவின் கையில் கொடுத்தாள்.

அதை யாரும் கேட்கவில்லை. முட்டத்து மாப்பிள்ளை வீட்டார் கேட்டவை வேறே இருந்தன, அவற்றையெல்லாம் அப்பா டைட்டஸ் தன் தலையில் ஏற்றிக்கொண்டார். போன் மட்டும் அஜிதாவின் சொந்த ஆசை. சிஜோ மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். பெண் பார்த்துவிட்டுப் போன நாளிலிருந்து தினமும் கூப்பிடுவான், சாப்பிட்டாயா என்று கேட்பான், அங்கே தான் சமைத்துக் கருகவிட்ட மீனைப் பற்றிச் சொல்லிச் சிரிக்க வைப்பான். அவளுக்கு அவனை நன்றாகவே பிடித்துப்போயிற்று. பிடித்தவனுக்கு நல்லதாக ஒன்று கொடுக்கத் தோன்றியது, கொடுத்தாள். கொடுக்கும்போது, இதற்கு மேல் ஒன்று கிடையாது என்றும் சொன்னாள். கடையில் சொல்லிப் பழகிய பேச்சு, நாக்கில் அப்படியே வந்துவிட்டது.

இப்போது அதற்கு மேல் ஒன்று டிவியில் சுழன்று சுழன்று காட்சி தந்தது. ஏதோ பாலைவனத்தின் பெயர் வைத்த புது நிறமாம். அவள் கண்ணுக்கு நெத்திலிக் கருவாட்டு நிறமாகத்தான் பட்டது. பக்கத்தில் இருந்தவர்கள் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். கல்யாணத்துக்கு வந்திருக்கும் சிஜோவும் வீட்டில் இதைப் பார்த்துக்கொண்டிருப்பான் என்று அவளுக்குத் தெரியும்.

கோயிலில் இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது. கடற்கரைக் கத்தோலிக்கர் வீட்டில் கல்யாணம் என்றால் அதற்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை, பெண்ணின் ஊரிலும் மாப்பிள்ளையின் ஊரிலும், பூசை முடிவில் சாமியார் ஓலை வாசிப்பார். இன்னாரின் மகளுக்கும் இன்னாரின் மகனுக்கும் திருமணம் நடக்க இருக்கிறது, இதற்குத் தடை ஏதும் இருப்பது தெரிந்தவர்கள் தெரிவிக்க வேண்டும் என்பார். அந்தக் கடைசி வாக்கியத்துக்கு யாரும் காது கொடுப்பதில்லை. அதற்குள் பின்வரிசைக்காரர்கள் வெளியே விட்ட செருப்பைத் தேடக் கிளம்பியிருப்பார்கள். மூன்றாம் ஓலை வருகிற ஞாயிற்றுக்கிழமை.

கடை முடிந்து தன் ஊரான கடியப்பட்டணத்துக்குப் பஸ்ஸில் ஏறியதுமே சிஜோ கூப்பிட்டான்.

"பாத்தியா?" என்றான்.

"பாக்காம? எனக்க வேலையே அதுதான."

"அப்பம் நம்மளது பழசாயிட்டு."

அவள் சிரித்தாள். அந்தப் பக்கத்தில் சிரிப்பைக் காணோம். உங்கள் கடைக்குத்தான் முதலில் வரும், இதைக் கொடுத்துவிட்டு அதை மாற்றிக்கொள்ளலாம், மீதியை எப்படியாவது பார்த்துக்கொள்ளச் சொல், கூட்டாளிகளிடம் வேறு சொல்லிவிட்டேன் என்று அவன் பாட்டுக்கு அடுக்கிக்கொண்டே போனான். கல்யாணத்துக்கு இத்தனை செலவு இருக்கும்போது இதற்கு என்ன அவசரம் என்று அவள் கேட்டாள். அவசரம் ஒன்றுமில்லை, ஆசைதான் என்றான். ஆசை என்று சொன்னபோது குரலைக் கொஞ்சம் குழைத்தான். அவள் உருகிப்போகாமல் பேச்சை மாற்றினாள்.

அவளிடம் உருகாதது வீட்டில் உருகும் என்று கணக்குப் போட்டோ என்னவோ, மறுநாள் அவள் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் சிஜோவின் அக்கா ரெஜிஷா கடியப்பட்டணத்துக்கு வந்தாள். ரெஜிஷாவுக்குச் சண்டை போடத் தெரியாது. சிரித்துக்கொண்டே கேட்பாள், சண்டைக்காரர்களைச் சமாளித்துவிடலாம், இவளைச் சமாளிக்க முடியாது. தம்பி தங்கமானவன், வாய் திறந்து ஒன்றும் கேட்க மாட்டான் என்றாள். ஆனால் கல்யாணத்தன்று கூட்டாளிகள் எல்லாம் புதுப் போனோடு வந்து நிற்கும்போது மாப்பிள்ளை கையில் பழசு இருந்தால் பெண் வீட்டுக்குத்தானே குறைச்சல் என்றாள். தேநீரைக் குடித்து முடித்து எழுந்து நின்றபோதுதான் அந்த வார்த்தையைப் போட்டாள்.

"கேக்காமலே தந்தவியளுக்கு, கேட்டா தர மனசு வராதா?"

அம்மா குளோரி சரியென்று தலையாட்டி அனுப்பிவிட்டாள். சாயங்காலம் அஜிதா வந்து குதித்தபோது, குளோரி அடுப்பை விட்டுத் திரும்பாமலே பதில் சொன்னாள். இரண்டு ஓலை வாசித்த பெண்ணுக்குக் கல்யாணம் நின்றுபோனால் ஊரில் என்ன பேசுவார்கள் என்று உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும் என்றாள். பெண்ணிடம் என்ன கோளாறோ என்றுதான் பேசுவார்களே தவிர மாப்பிள்ளை கேட்ட போனைப் பற்றி ஒருத்தரும் பேச மாட்டார்கள். அம்மா சொன்னதில் பொய் இல்லை. அதனால்தான் அஜிதாவுக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது. தான் ஆசையாகக் கொடுத்ததை அவர்கள் முதல் தவணையாக எடுத்துக்கொண்டார்கள் என்று நினைக்க நினைக்க மனசு ஆறவில்லை. அப்பா வலையின் கிழிசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸுக்கு நடக்கும்போது எதிரே இரண்டு பேர் கம்பில் ஒரு வள்ளத்து எஞ்சினைக் கட்டித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மேலே சாக்கு சுற்றியிருந்தது. ஆனாலும் அடியில் தெரிந்த, தண்ணீரைத் தள்ளும் இறக்கையில் பச்சைப் பெயின்ட் அடித்த சிலுவையை அவள் கண்டுகொண்டாள். அடித்தவளே அவள்தான். பின்னால் அப்பா வந்தார், மகளைப் பார்த்ததும் கடலைப் பார்த்தார்.

"எங்க கொண்டுபோறாவ, அப்பா?"

"நம்ம செல்வதாசு விலைக்குக் கேட்டான். சும்மா கிடக்க சாமான்தான."

"அது சும்மா கிடக்க சாமானா?"

"எல்லாரும் ஒரு எஞ்சின் வச்சுத்தான மக்கா ஓட்டுதாவ," என்று சொல்லிவிட்டு அவர் நடையைக் கட்டினார்.

எதற்காக விற்றார் என்று அவர் சொல்லவில்லை, புதுப் போனுக்குத்தான் என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. டைட்டஸின் வள்ளத்தில் பின்னால் ஓர் எஞ்சின் ஓடும், இன்னொன்று உள்ளே சாக்குக்கு அடியில் படுத்திருக்கும். ஓடுகிறது நடுக்கடலில் மக்கர் பண்ணினால் படுத்திருப்பது எழுந்து அவரைக் கரை சேர்க்கும். இரண்டாவது வாங்குவதற்கு முன்னால் ஒரு தடவை எஞ்சின் அப்படி நின்றுபோய், நீரோட்டம் வள்ளத்தை இழுத்துக்கொண்டு போய்விட்டது. அவர் வருவாரா மாட்டாரா என்று தெரியாமல் குளோரி மாதா குருசடியில் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் கிடந்ததும், குளச்சல் படகு ஒன்று கட்டி இழுத்துக்கொண்டு வந்து விட்டபோது அவர் உதடெல்லாம் வெடித்திருந்ததும் அஜிதாவுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு, ஒழுகுகிற கூரையை மாற்றாமல், முதலில் இந்த எஞ்சினைத்தான் வாங்கினார்.

அன்றைக்குக் கடையில் ஒருவர் வந்து புதுப் போனில் அப்படி என்ன விசேஷம் என்று கேட்டார். அஜிதா ஒப்பிக்கத் தொடங்கினாள். மெலிசு என்பது வரைக்கும் வந்தது, அதற்கு மேல் வரவில்லை. பின்னால் பெட்டிகள் அடுக்கி வைத்திருக்கும் அறைக்குப் போய் அழுதாள். ரெஜிஷா மேல் கோபம், அம்மா மேல் கோபம், எல்லாருக்கும் மேலாக இதற்கு மேல் ஒன்று கிடையாது என்று சொன்ன தன் வாய் மேல் கோபம். அழுது முடித்து முகத்தைக் கழுவியபோது ஒன்று மட்டும் தெளிவாக இருந்தது. எஞ்சின் வள்ளத்துக்குத் திரும்பி வர வேண்டும். அதற்குச் சிஜோவின் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்தால் போதும், வேறு எதையும் இழக்க வேண்டாம்.

சனிக்கிழமை மத்தியானம் லீவு சொல்லிவிட்டு முட்டத்துக்குப் போனாள். லைட் ஹவுஸுக்குக் கீழே பாறைகளில் வெளியூர்க்காரர்கள் ஏறி நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். சிஜோ சிரித்துக்கொண்டே வந்தான். அவள் சுற்றி வளைக்காமல் எஞ்சின் விஷயத்தைச் சொன்னாள். அவன் முகம் வாடிப்போயிற்று.

"சத்தியமா எனக்குத் தெரியாது அஜி," என்றான்.

அவள் அதை நம்பினாள். அவன் பொய் சொல்கிறவன் இல்லை. அவளுக்கு மூச்சு நேராக வந்தது. இவ்வளவு லேசாக முடிகிற விஷயத்துக்கா இத்தனை அழுதோம் என்றுகூட நினைத்தாள்.

"அப்பம் இன்னைக்கே உங்க வீட்டில சொல்லுங்க, போன் வேண்டாம்னு."

சிஜோ கையிலிருந்த போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அக்கா ஏற்கெனவே தன் மாமியார் வீட்டாரிடம் சொல்லிவிட்டாளாம். அம்மாவுக்கு இப்போது வேண்டாம் என்றால் தலையிறக்கமாகப் போய்விடுமாம். கல்யாண நேரத்தில் வீட்டில் ஒரு முகச்சுளிப்பு வேண்டாமாம். பிறகு நல்ல வழி ஒன்று கண்டுபிடித்தவனைப் போல நிமிர்ந்தான்.

"கல்யாணம் கழியட்டு. மஸ்கட் போன உடனே அப்பாக்கு நான் புது எஞ்சினே வாங்கித் தாறேன்."

"அதுவரைக்கும் அப்பா எதை வச்சுக் கரைக்கு வருவாவ?"

"எல்லாரும் ஒரு எஞ்சின் வச்சுத்தான ஓட்டுதாவ," என்றான்.

அப்பா சொன்ன அதே வார்த்தைகள். அப்பா அதை அவள் பயப்படாமல் இருப்பதற்காகச் சொன்னார். இவன் தன் பாரத்தை இறக்கி வைப்பதற்காகச் சொன்னான். உங்களிடம் ஒரே ஒரு வார்த்தைதான் கேட்கிறேன், பணமோ எஞ்சினோ கேட்கவில்லை என்றாள் அஜிதா. பார்க்கலாம் என்றான். பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போகிற வாடிக்கையாளர் திரும்பி வந்ததே இல்லை என்பது அவளுக்குத் தொழிலில் தெரிந்த விஷயம். ஆனாலும் அவன் வாடிக்கையாளன் இல்லையே என்று மனசைத் தேற்றிக்கொண்டு பஸ் ஏறினாள்.

அன்று சாயங்காலம் அவன் கூப்பிடவில்லை. அவள் போனைக் கையை விட்டுக் கீழே வைக்காமல் காத்திருந்தாள். விளக்கு வைக்கிற நேரத்துக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. அவசரமாகத் திறந்து பார்த்தாள். புதுசில் எந்தக் கலர் எனக்கு நல்லா இருக்கும் என்று கேட்டிருந்தான்.

அவனைத் திட்டிப் பதில் எழுதுவதற்குக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. அவனிடம் கேட்க வேண்டியது முடிந்துவிட்டது. இவனோடு கல்யாணம் வேண்டாம் என்று எழுந்துபோய் அம்மாவிடம் சொன்னாள். கல்யாணம் நெருங்கினால் எல்லாப் பெண்களும் ஒரு நாள் இப்படித்தான் சொல்லுவார்கள் என்று குளோரி சோற்றைப் போட்டு முன்னால் வைத்தாள். அஜிதா முழுவதையும் சாப்பிட்டாள். மறுநாளைக்குத் தெம்பு வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கடலுக்கு யாரும் போவதில்லை, அதனால் கோயிலில் ஆண்கள் பக்கமும் நிரம்பியிருந்தது. பூசை முடிந்து சாமியார் அறிவிப்புகளை வாசித்தார். மறைக்கல்வித் தேர்வு, அன்பியக் கூட்டம், கல்லறைத் தோட்டம் துப்புரவு, கடைசியில் ஓலை.

"நமது பங்கைச் சேர்ந்த டைட்டஸ், குளோரி ஆகியோரின் மகள் அஜிதாவுக்கும், முட்டம் பங்கைச் சேர்ந்த சிஜோவுக்கும் திருமணம் நடைபெற இருக்கிறது. இது மூன்றாம் ஓலை. இதற்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்."

அஜிதா எழுந்து நின்றாள். முன்னால் இருந்த பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

"ஃபாதர், எனக்குத் தெரிஞ்ச தடை ஒண்ணு உண்டு."

சாமியார் இளவயதுக்காரர். அந்தக் கேள்வியை எத்தனையோ ஜோடிகளுக்கு வாசித்திருக்கிறார், பதில் என்று ஒன்று வரும் என்று அவர் எதிர்பார்த்ததே இல்லை. கையிலிருந்த தாளைப் பார்த்தார், அதில் மேற்கொண்டு ஒன்றும் எழுதியிருக்கவில்லை. பிறகு மெதுவாக, அறைக்கு வந்து தனியாகச் சொல்லலாமே மகளே என்றார். கனிவாகத்தான் சொன்னார்.

"எல்லார் முன்னாலயும் கேட்டீங்க ஃபாதர். எல்லார் முன்னாலயும் சொல்லிருதேன். பொண்ணுக்குச் சம்மதம் இல்ல."

கோயில் சலசலத்தது. குளோரி மகளின் ஷாலைப் பிடித்து இழுத்தாள். உட்கார் என்று சொல்ல வந்தவள் வாயில் வேறு வந்தது.

"ஒரு போனுக்கா ஏட்டி?"

"போனுக்கு இல்லம்மா," என்றாள் அஜிதா. "அதுக்காவ அப்பா வித்த ரெண்டாம் எஞ்சினுக்கு."

மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் முன்னும் பின்னும் இருந்த பெண்களுக்குக் கேட்டது. அங்கே இருந்த எவளுக்கும் இரண்டாம் எஞ்சின் என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. குளோரியின் கை ஷாலை விட்டது. அவள் அன்றைக்குக் குருசடியில் கிடந்ததை நினைத்துக்கொண்டு அழத் தொடங்கினாள்.

ஆண்கள் பக்கத்தில் டைட்டஸ் எழுந்தார். எல்லார் தலையும் அவர் பக்கம் திரும்பியது. யாரையும் பார்க்காமல், மகளையும் பார்க்காமல், பக்கவாசல் வழியாக வெளியே போய்விட்டார். அஜிதா அம்மாவின் கோபத்துக்கும் ஊரின் பேச்சுக்கும் தயாராகத்தான் வந்திருந்தாள், அப்பா இப்படி இறங்கிப் போவார் என்று நினைக்கவில்லை. ஆனாலும் அவள் உட்காரவில்லை. சாமியார் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, இந்த ஓலை நிறுத்திவைக்கப்படுகிறது என்று சொல்லி, அடுத்த ஜோடியின் பெயரை வாசித்தார். அன்றைக்கு ஒருத்தரும் செருப்பைத் தேடி அவசரப்படவில்லை.

வெளியே வந்தவளுக்குக் கூட்டம் வழிவிட்டது, மரியாதையா விலகலா என்று தெரியாத மாதிரி ஒரு வழிவிடல். குளோரி முகத்தை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அஜிதா அப்பாவைத் தேடிக் கடற்கரைக்குப் போனாள். வள்ளத்தடியில் அவர் இல்லை. செல்வதாசின் வீட்டு முற்றத்தில் இருந்தார்.

எஞ்சின் மணலில் கிடந்தது. வாங்கிய பணத்தைச் செல்வதாசின் கையில் திணித்துவிட்டு, அவன் முணுமுணுப்பதைக் காதில் போட்டுக்கொள்ளாமல், டைட்டஸ் கயிற்றை இறுக்கிக் கம்பைச் செருகிக்கொண்டிருந்தார். சுற்றிலும் நாலைந்து ஆண்கள் நின்றார்கள். மற்ற நாளாக இருந்தால் கூப்பிடாமலே வந்து தோள் கொடுத்திருப்பார்கள். இன்றைக்கு ஊர் எந்தப் பக்கம் சாயும் என்று தெரியாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

"எனக்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா," என்றார் டைட்டஸ், கயிற்றைப் பார்த்துக்கொண்டே.

"நீங்களும் எனக்கிட்ட சொல்லலியேப்பா."

அவர் கண் கலங்கியிருந்தது, அதை மறைக்கவும் முயலவில்லை. பிறகு கம்பின் ஒரு முனையைக் கால் விரலால் அவள் பக்கம் தள்ளினார்.

"பிடி."

அஜிதா ஷாலைச் சுருட்டித் தோளில் வைத்துக் கம்பை ஏற்றினாள். எஞ்சின் தரையை விட்டு எழுந்தது. முதல் அடியில் இடுப்பு மடங்கியது, இரண்டாம் அடியில் அப்பாவின் நடைக்குத் தன் நடையைச் சேர்த்துக்கொண்டாள். ஆடாமல் இருக்க இரண்டு கையாலும் கம்பை அணைத்துப் பிடித்தாள். கோயில் முன்னால் கூட்டம் இன்னும் கலையவில்லை. சுற்றிப் போக வழி இருந்தது, டைட்டஸ் நேராகவே போனார். பூசைக்கு உடுத்த நல்ல உடுப்போடு ஒரு பெண் எஞ்சின் சுமந்து போவதை ஊர் பார்த்தது. அவளும் ஊரைப் பார்த்துக்கொண்டே போனாள்.

பாதி வழியில் அவள் பையில் போன் அடித்தது. சிஜோவுக்கென்று அவள் தனியாக வைத்திருந்த பாட்டு. முட்டத்துக்கு அதற்குள் சேதி போயிருக்கிறது. முன்னால் போன டைட்டஸ் நின்றார்.

"அவன்தானா? இறக்கி வைப்போம், எடுத்துப் பேசு."

"ரெண்டு கையும் இதுல இருக்குப்பா," என்றாள் அஜிதா. "நடங்க."